எட்டு மணி நேரமா, நாலு மணி நேரமா, அரை மணி நேரமா?

லண்டனிலோ பாஸ்டனிலோ ஒரு சிறிய மனநலப் பிரிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மனச்சோர்வுக்கு சைக்கடெலிக், அதாவது புலன்களையும் நினைப்பையும் சிறிது நேரம் புரட்டிப்போடும் மருந்துப் பரிசோதனை ஒன்றைத் தொடங்க நினைக்கிறார்கள். கைவசம் இருப்பது ஓர் அறை, ஒரு சோபா, பயிற்சி பெற்ற இரண்டு பேர். ஏதாவது ஒரு மருந்தைத்தான் எடுக்க முடியும். பட்டியலில் நான்கு பெயர்கள்: சைலோசைபின், டிஎம்டி, 5-மெத்தாக்சி-டிஎம்டி, கடைசியில் அதிகம் பேர் கேள்விப்படாத 4-ஹைட்ராக்சி-டிஐபிடி. நான்குமே டிரிப்டமின் குடும்பம். முதல் மூன்றைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். நாலாவதை மனிதர்களிடம் முறையாகச் சோதித்த ஆய்வுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனக்கு அந்த நாலாவதின் மேல்தான் கண். ஆனால் எல்லா நோயாளிக்கும் அதைச் சொல்லமாட்டேன்.

நம்மூரில் இந்தப் பேச்சை எடுத்தாலே கொடைக்கானல் காளானுக்குப் போய்விடுவார்கள். அது வேறு சமாச்சாரம். பறித்த காளானில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது, தின்பவருக்கும் தெரியாது. ஏறிய ரத்த அழுத்தத்தைப் பார்க்க ஆள் கிடையாது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் சைலோசைபினும் டிஎம்டியும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. நான் பேசப்போவது மருத்துவமனை அறைக்குள், அளந்த மருந்தை, பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து கொடுக்கும் ஆய்வைப் பற்றி மட்டும்.

முதலில் நாலும் எப்படி உறவு என்று பார்த்துவிடலாம். பருப்பிலும் பாலிலும் உள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து நம் உடலே செரட்டோனினைச் செய்துகொள்கிறது. செரட்டோனினின் வேதிப்பெயர் 5-ஹைட்ராக்சி-டிரிப்டமின். அந்த ஹைட்ராக்சியை ஐந்தாம் இடத்திலிருந்து நாலாம் இடத்துக்கு நகர்த்தி, வால் நுனியில் உள்ள நைட்ரஜனில் மெத்தில் என்ற சிறு அணுக்கூட்டம் இரண்டைச் செருகினால் அது சைலோசின். காளானில் உள்ள சைலோசைபின் உடலுக்குள் போனதும் சைலோசினாக மாறித்தான் வேலை செய்கிறது. ஹைட்ராக்சியே இல்லாமல் மெத்தில்கள் மட்டும் இருந்தால் டிஎம்டி. அதன் ஐந்தாம் இடத்தில் மெத்தாக்சி ஏறினால் 5-மெத்தாக்சி-டிஎம்டி. சைலோசினின் மெத்தில்களைக் கழற்றிவிட்டு, அவற்றைவிடப் பருத்த இரண்டு ஐசோபுரொப்பைல்களை மாட்டினால் நம்முடைய 4-ஹைட்ராக்சி-டிஐபிடி. மாற்றம் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பருத்த இரண்டு தொகுதிகளோடு கடிகாரமும் மாறிவிடுகிறது.

இயற்கையில் இது இல்லை, ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கலிபோர்னியாவின் வேதியியலாளர் அலெக்சாண்டர் ஷுல்ஜின் 1997இல் மனைவி ஆனுடன் சேர்ந்து வெளியிட்ட டிரிப்டமின் தொகுப்பில் இதற்கும் ஓர் இடம் உண்டு. கால அளவு வழக்கத்தைவிடக் குறைவு என்பது அப்போதே தெரிந்த விஷயம். அதன் பிறகு வெகுகாலம் மருத்துவ உலகம் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இனி ஒப்பீடு. இந்த மாதிரித் தேர்வில் எல்லாரும் முதலில் கேட்பது “எது நன்றாக வேலை செய்கிறது?” என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் கையில் இருக்கும் எண்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை. மனச்சோர்வு ஆய்வுகளில் மான்ட்கோமரி-ஆஸ்பெர்க் என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். பத்துக் கேள்விகள், மொத்தம் 60 புள்ளிகள், புள்ளி கூடினால் நோய் கூடுதல். காம்ப்பஸ் பாத்வேஸ் நிறுவனம் 233 பேரிடம் நடத்தி 2022 நவம்பரில் வெளியான ஆய்வில், 25 மில்லிகிராம் சைலோசைபின் எடுத்தவர்களுக்கும் 1 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் மூன்றாம் வாரத்தில் இருந்த இடைவெளி 6.6 புள்ளி. மூக்கில் அடிக்கும் 5-மெத்தாக்சி-டிஎம்டியை 193 பேரிடம் சோதித்த ஆய்வின் முடிவு 2025 ஜூலையில் வந்தது. 8 மில்லிகிராம் பிரிவில் நாலாம் வாரம் 12.1 புள்ளி இறக்கம், பெயருக்குக் கொடுத்த சிறு அளவில் 5.8. இடைவெளி 6.3. ரத்தக் குழாய் வழியாக டிஎம்டி கொடுத்து 34 பேரிடம் செய்த சிறிய பிரிட்டிஷ் ஆய்வில் இரண்டாம் வாரம் 7.4. நாலாவது மருந்துக்கு, 84 தாய்மார்களிடம் (ஏன் தாய்மார்கள் என்பது பின்னால்) செய்த ஆய்வில் ஏழாம் நாள் 23 புள்ளி இறங்கியது. ஒப்பீட்டுப் பிரிவிலும் 17.2 இறங்கியது. இடைவெளி 5.8.

இந்த எண்களைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். 6.6, 6.3, 7.4, 5.8. நோயாளிகள் வேறு, நாட்கள் வேறு, ஒப்பிட்ட விதம் வேறு. அப்படி இருந்தும் எல்லாம் ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன. இதை வைத்து ஒன்றைத் தூக்கி இன்னொன்றைத் தள்ளுபவர் தனக்குப் பிடித்ததை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவராகத்தான் இருப்பார். போதாததற்கு, அனுமதிக்கு முந்தைய பெரிய ஆய்வான மூன்றாம் கட்டத்துக்குப் போனால் எண் சுருங்கும். காம்ப்பஸின் முதல் மூன்றாம் கட்ட ஆய்வு, 258 பேர், 2025 ஜூன்: ஆறாம் வாரத்தில் போலி மருந்தோடு இடைவெளி 3.6. மோசமில்லை, ஆனால் 6.6 இல்லை.

ஆகவே நான் எண்ணை ஓரமாக வைத்துவிட்டுக் கடிகாரத்தை எடுப்பேன்.

கடிகாரத்துக்கு ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. மனச்சோர்வுக்கான எஸ்கெட்டமின் என்ற மூக்கு மருந்து 2019 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எடுத்த பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் மருத்துவமனையிலேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த இரண்டு மணி நேரத்தைச் சுற்றித்தான் அங்குள்ள கிளினிக்குகள் நாற்காலி போட்டு, ஆள் வைத்து, கட்டணம் வாங்கப் பழகியிருக்கின்றன. புதிதாக வரும் எந்தச் சைக்கடெலிக்கும் அந்த நாற்காலியில் உட்காருமா உட்காராதா என்பதுதான் முதலீடு செய்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி.

சைலோசைபின் அந்த நாற்காலியில் உட்காராது. அதற்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வேண்டும். 2006இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு 36 தன்னார்வலர்களிடம் செய்த ஆய்வு இன்று வரை அறையின் இலக்கணத்தைத் தீர்மானிக்கிறது. ஆய்வுக்கூடம் மாதிரி இருக்காது, வீட்டுக் கூடம் மாதிரி ஓர் அறை. ஒரு சோபா. கண்ணை மறைக்கும் துணி, காதில் இசை. காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்கிறார். குறிப்பிட்ட இடைவெளியில் ரத்த அழுத்தப் பட்டை கையில் இறுகித் தளர்கிறது. பெரும்பாலான நேரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேலையே இல்லை. சும்மா இருப்பதுதான் வேலை. ஒருவர் கழிப்பறைக்குப் போகும்போது மற்றவர் இருக்க வேண்டும். நோயாளி அழலாம், சிரிக்கலாம், ஐந்து மணி நேரம் வாயே திறக்காமல் கிடக்கலாம். சாயங்காலம் வீட்டிலிருந்து ஆள் வந்து கூட்டிப்போகும்வரை இரண்டு பேரின் முழு ஷிஃப்ட் ஒரே ஒரு நோயாளிக்கு. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023 ஜூனில் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதலும் கண்காணிப்புக்கு இரண்டு பேர் என்றுதான் சொல்கிறது. எட்டு மணி நேரம், இரண்டு பேர்: பதினாறு ஆள்-மணி. நம்முடைய ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு ஒரு நோயாளி. வாரத்தில் ஒருவருக்கு ஜலதோஷம் என்றால் அன்றைய ஆய்வு ரத்து.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் சைலோசைபினிடம் வேறு யாரிடமும் இல்லாத சொத்து ஒன்று உண்டு. அது பழக்கம். ஆல்பர்ட் ஹோஃப்மன் 1958இல் மெக்சிகோ காளானிலிருந்து இதைப் பிரித்தார். சாண்டோஸ் நிறுவனம் 1960களில் இண்டோசைபின் என்ற பெயரில் மருத்துவர்களுக்குக் கொடுத்தது. ஹோஃப்மன் 1962இல் ஆய்வுக்கூட மாத்திரைகளை எடுத்துக்கொண்டு வௌட்லா மலையூருக்குப் போய், மசடெக் பழங்குடி வைத்தியரான மரியா சபினாவிடமே கொடுத்துப் பார்த்தார். மாத்திரைக்குள் காளானின் ஆவி இருக்கிறது என்று அந்த அம்மாள் ஒப்புக்கொண்டாராம். மருந்துத் தரக்கட்டுப்பாட்டில் அதைவிடக் கடுமையான தேர்வு எனக்குத் தெரிந்து இல்லை. இத்தனை ஆண்டுகளில் எப்போது ரத்த அழுத்தம் ஏறும், யாரைச் சேர்க்கக் கூடாது, எந்த மாத்திரையை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்ற கைச்சரக்கு சேர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மற்ற மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கு இதை எழுதிக்கொடுக்கலாம். 2022 ஆய்வில் எல்லாப் பிரிவுகளிலும் தற்கொலை எண்ணம் தலைகாட்டியது என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். குறை தெரிந்த மருந்து ஒரு வகையில் நிம்மதி.

டிஎம்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விழுங்கினால் குடலிலும் கல்லீரலிலும் உள்ள நொதி அதைத் தின்றுவிடும். அமேசான் பழங்குடிகள் அயவாஸ்கா என்ற பானத்தைக் காய்ச்சும்போது அந்த நொதியை முடக்கும் கொடியையும் சேர்ப்பது இதனால்தான். மருத்துவமனையில் நரம்பில் ஊசி போட வேண்டும். அரை மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். ஹங்கேரி மருத்துவர் ஸ்டீபன் ஸாரா 1950களின் நடுவில் தனக்குத்தானே ஊசி போட்டுப் பார்த்தார். நியூ மெக்சிகோவில் ரிக் ஸ்ட்ராஸ்மன் 1990களில் 60 தன்னார்வலர்களிடம் செய்தார். கடிகாரத்தில் இதுதான் முதலிடம். ஆனால் 34 பேர் ஆய்வை வைத்துக்கொண்டு, நரம்பூசி போடும் வசதியோடு அறையை மாற்றிக் கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கழித்துவிடலாம்.

5-மெத்தாக்சி-டிஎம்டி அப்படிக் கழிக்கக்கூடியதல்ல. சோனோரா பாலைவனத் தேரையின் சுரப்பியில் உள்ள பொருள் இது, மருந்துக்கு ஆய்வுக்கூடத்தில்தான் செய்கிறார்கள். மூக்கில் அடித்த சில நிமிடங்களிலேயே பிடித்துக்கொள்ளும். 193 பேர் ஆய்வில் பெரும்பாலோர் ஒன்றரை மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டார்கள். எஸ்கெட்டமின் நாற்காலி இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. கணக்கு மட்டும் பார்க்கிறவர் இங்கேயே நிறுத்திக்கொள்வார்.

என் தயக்கம் வேறு. மற்றவை பெரும்பாலும் காட்சி, நினைவு, உறவு, அழுகை என்று ஏதோ ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும். அடுத்த நாள் உட்கார்ந்து பேச அதுவே சரக்கு. இதில் அனுபவிக்கும் ஆளே சிறிது நேரம் காணாமல் போவதாகச் சொல்கிறார்கள். சிலருக்கு நினைவிலும் வெற்றிடம். பேசித் தெளியும் சிகிச்சையில் நம்பிக்கை உள்ள குழுவுக்கு இது கஷ்டம். பேச்சே வேண்டாம், மருந்து மூளையில் செய்யும் வேலை போதும் என்பவர்களுக்கு இது வரம். இன்னொன்று, பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகளில் ஒரு வகை, அதாவது டிஎம்டியைத் தின்னும் அதே நொதியை முடக்கும் வகை, உடலில் இருக்கும்போது இதைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. மருந்துச் சீட்டைச் சரியாகப் பார்க்கும் ஒருவர் அந்த இரண்டு பேரில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இப்போது நாலாவது. டொராண்டோவில் ஃபீல்ட் ட்ரிப் என்ற பெயரில் தொடங்கி, பிறகு ரீயூனியன் நியூரோசயின்ஸ் என்று பெயர் மாறிய நிறுவனம் இதை எடுத்தது. மருந்தை அப்படியே கொடுப்பதில்லை. உடலுக்குள் போன பிறகு 4-ஹைட்ராக்சி-டிஐபிடியாகப் பிரியும் ஒரு முன்வடிவம், பெயர் லுவெசைலோசின், தோலுக்கு அடியில் ஒரே ஓர் ஊசி. அனுபவம் மூன்றிலிருந்து நாலு மணி நேரம். சைலோசைபினில் பாதி, மூக்கில் அடிக்கும் 5-மெத்தாக்சி-டிஎம்டியில் இரண்டு மடங்கு. எஸ்கெட்டமின் நாற்காலியிலும் உட்காராது. பார்த்தால் இரண்டும்கெட்டான்.

அவர்கள் தேர்ந்தெடுத்த நோய் மட்டும் வேறாக இருந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவர்கள் எடுத்தது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. அங்கே கடிகாரத்துக்கு வேறு பொருள்.

அந்த நோய்க்கென்று அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்ற மருந்து 2019இல் வந்த பிரெக்சனலோன். ஆஸ்பத்திரியில் 60 மணி நேரம் தொடர்ந்து சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். திடீரென்று நினைவு தப்பலாம் என்பதால், அந்த நேரத்தில் குழந்தையைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் வேறு ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று எச்சரிக்கை. இரண்டரை நாள் பச்சை உடம்புக்காரியைப் பிள்ளையோடு தனியாக இருக்க விடாத மருந்து. 2024 முடிவோடு விற்பனையை நிறுத்திவிட்டார்கள், ஆச்சரியம் இல்லை. அடுத்து 2023இல் சுரனலோன் மாத்திரை வந்தது. 14 நாள், தினமும் சாயங்காலம். ஒவ்வொரு மாத்திரைக்குப் பிறகும் 12 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. மாத்திரை என்பதால் வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை வீறிடும்போது தூக்கக் கலக்கத்தோடு எழுவது அந்தத் தாய்தான்.

இவற்றோடு வைத்துப் பார்த்தால் நாலு மணி நேரம் என்பது சின்ன விஷயம் இல்லை. காலையில் பாட்டியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்தால் மத்தியானத்துக்குள் அனுபவம் அடங்கிவிடும். அன்று பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பலாம். சைலோசைபின் என்றால் முழுப் பகலும் போய்விடும். மூக்கு வழி 5-மெத்தாக்சி-டிஎம்டி இன்னும் சீக்கிரம் விடும் என்பது உண்மை. ஆனால் தூக்கமின்றி, தான் நல்ல தாய் இல்லை என்ற எண்ணத்தில் உழலும் ஒருத்தியிடம் முதல் அனுபவமே “நீ சிறிது நேரம் இல்லாமல் போவாய்” என்பதாக இருக்க வேண்டுமா என்று கேட்டால், எனக்கு நாலு மணி நேரமே மேல்.

இதற்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நாலாவது மருந்துக்கு 2025 ஆகஸ்டில் வந்தது நிறுவனமே அறிவித்த முடிவு. ஏழாம் நாள் எண் அது. ஒப்பீட்டுப் பிரிவுக்கு 30 மில்லிகிராமுக்குப் பதில் 1.5 மில்லிகிராம் கொடுத்தார்கள், அவர்களுக்கும் 17.2 புள்ளி இறங்கியது. பிள்ளை பெற்றவளை ஒரு நாள் முழுக்கக் கவனித்து, உட்காரவைத்துப் பேசி, தினமும் எப்படி இருக்கிறாய் என்று யாரோ கேட்டாலே மனம் பாதி தேறிவிடுகிறது என்று அந்த 17.2ஐ நான் படிக்கிறேன். மருந்தின் பங்கு மிச்சமுள்ள 5.8. அதிலும் தனக்குக் கிடைத்தது உண்மையான அளவா, பெயருக்குக் கொடுத்ததா என்று நோயாளிக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். 2024 ஜூனில் எம்டிஎம்ஏ என்ற இன்னொரு மனமாற்ற மருந்தை அமெரிக்க ஆலோசனைக் குழு 9க்கு 2 என்று நிராகரித்தபோது மேசையில் இருந்த புகார்களில் இதுவும் ஒன்று. நாலாவது மருந்து அந்தக் கேள்வியிலிருந்து தப்பாது. மற்ற மூன்றும்தான் தப்பாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாலு மணி நேர மருந்து என்றால் பாதிச் செலவு என்று விளம்பரத்தில் சொல்வார்கள். மருந்து கொடுக்கும் நாளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். அதற்கு முன்னால் ஆளைத் தயார் செய்யும் சந்திப்புகள், குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு உண்டா என்ற விசாரணை, பின்னால் உட்கார்ந்து பேசும் சந்திப்புகள், இவை எதுவும் மூலக்கூறு சிறுத்ததால் சிறுப்பதில்லை. பதினாறு ஆள்-மணி எட்டாகும். மொத்தத்தில் பாதியாகாது.

சட்டப் பக்கம் வேடிக்கையானது. சைலோசைபின் அமெரிக்காவில் 1970இலிருந்து, மிகக் கடுமையான முதல் பட்டியலில் பூட்டிக் கிடக்கிறது. ஆய்வுக்கே தனி உரிமம். 4-ஹைட்ராக்சி-டிஐபிடி அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. 2022 ஜனவரி 14 அன்று போதைத் தடுப்பு நிர்வாகம் அதையும் இன்னும் நாலு டிரிப்டமின்களையும் சேர்க்கப்போவதாக அறிவித்தது. ஆராய்ச்சியாளர்களும் சிறு நிறுவனங்களும் எதிர்த்து வழக்காட வர, ஜூலையில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அட்லாண்டிக்கைத் தாண்டினால் கதை மாறும். பிரிட்டன் சட்டம் பெயர் பார்ப்பதில்லை, வடிவம் பார்க்கிறது. டிரிப்டமினோ ஹைட்ராக்சி ஏறிய டிரிப்டமினோ, நைட்ரஜனில் ஆல்கைல் (மெத்தில், ஐசோபுரொப்பைல் மாதிரியான) தொகுதி இருந்தால் போதும், அது மிகக் கடுமையான ஏ வகுப்பு. ஐசோபுரொப்பைல் சுத்தமான ஆல்கைல். ஆகவே பாஸ்டனில் சற்று மூச்சு விட இடமிருக்கும் மருந்து, லண்டனில் ஹெராயின் இருக்கும் அதே அலமாரிக்குள் இருக்கிறது. அதே சட்டத்தில், நைட்ரஜனில் ஆல்கைலுக்குப் பதில் அல்லைல் இருந்த 5-மெத்தாக்சி-டால்ட் என்ற உறவினர் 2015 ஜனவரி வரை வெளியே உலாவிக்கொண்டிருந்தது. அல்லைலில் இருக்கும் ஓர் இரட்டைப் பிணைப்பு செய்த உபகாரம்.

என்னிடம் கேட்டால் இப்படிப் பிரிப்பேன். அந்தப் பிரிவுக்கு வருபவர்கள் பல மருந்து பார்த்தும் தேறாத பொதுவான மனச்சோர்வு நோயாளிகள் என்றால் சைலோசைபின். பகல் முழுக்கப் போனாலும் சரி, முதல் முறை செய்கிறவர்களுக்கு முன்னே நடந்தவர்களின் தடம் வேண்டும். ஊழியர் பற்றாக்குறைதான் பெரிய தலைவலி, எஸ்கெட்டமின் கிளினிக் ஏற்கெனவே ஓடுகிறது என்றால் மூக்கு வழி 5-மெத்தாக்சி-டிஎம்டி. பிரசவ வார்டுக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கும் பிரிவு, அமெரிக்காவில், என்றால் தயங்காமல் நாலாவது. பிரிட்டனில் என்றால் உரிமத்துக்கு ஆகும் மாதங்களை எண்ணிவிட்டுத் தயங்குவேன்.

நாலாவதை எடுக்கிறவர்களிடம் திட்டத்தில் மூன்று வரி சேர்க்கச் சொல்வேன். தாய்ப்பால் எத்தனை நாள் கறந்து கொட்ட வேண்டும், அந்த நாட்களுக்கு முன்கூட்டியே எடுத்து உறையவைக்க வசதி உண்டா என்று எழுதுங்கள். ஏழாம் நாளோடு நிறுத்தாமல் ஆறாம் மாதம் வரை அளந்து பாருங்கள். சோபா இருக்கும் அறைக்குப் பக்கத்து அறையையும் காலி செய்யுங்கள், பிள்ளையோடு பாட்டி உட்கார, ஒரு தொட்டிலும் வெந்நீர்க் குடுவையும் வைத்து.